வீடுகளின் படமும் வீட்டாரின் பெயரும்

கட்டடக் கலை பயிலும் மாணவர் சிலர், தாம் வெளியிடவிருக்கும் சஞ்சிகையின் அச்சுப்படியினை அண்மையில் எம்மிடம் தந்து அபிப்பிராயம் கேட்டனர். சஞ்சிகையின் நடுப்பகுதி முழுவதும் புகைப்படங்களே. கட்டடக் கலைஞர் நால்வர் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடுகள் முதல் 12 பக்கங்களிலும், மாணவர் ஐவரின் வீடுகளும் அறைகளும் அடுத்த 4 பக்கங்களிலும் இடம்பெற்றிருந்தன. வீடு சமைப்போர் எத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர், அக்கலையைப் பயில வருவோர் எத்தகைய வீடுகளிலிருந்து வருகின்றனர் என்பவற்றை ஒருங்கே வைத்துக் காட்டுவதே தம் நோக்கமென அவர்கள் கூறினர். நோக்கம் பாராட்டத்தக்கது. தேர்வுக் குறிப்புக்களையும் பட்டமளிப்பு விழாப் படங்களையும் தாண்டி, ஒரு மாணவர் சஞ்சிகை சமுதாயத்தை நோக்கிக் கமெராவைத் திருப்புவது நாம் வரவேற்க வேண்டிய காரியம். வரவேற்பதனாலேயே அதனை விமர்சிக்கவும் கடமைப்பட்டவராகின்றோம்.

பக்கங்களைப் புரட்டுகையில் ஒரு வேறுபாடு முதலிலேயே கண்ணில் தைத்தது. கட்டடக் கலைஞரின் வீடுகளில் மனிதர் ஒருவருமே இல்லை. திறந்த முற்றம், முற்றத்தில் ஒரு நீர்த்தொட்டி, துடைத்து மினுக்கிய சீமெந்துத் தரையிற் சாய்ந்து விழும் காலை வெயில், ஆளில்லாத சாய்வு நாற்காலி. ஒவ்வொரு படத்தின் கீழும் கலைஞரின் பெயரும், கட்டிய ஆண்டும், பயன்படுத்திய பொருள்களும் குறிக்கப்பட்டுள்ளன. மாணவரின் வீடுகளிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே படம் முழுவதும் மனிதர். லயத்து அறையொன்றின் வாசலில் ஒரு குடும்பம் வரிசையாக நிற்கிறது. வன்னியில் தகரக் கூரையிட்ட வீட்டின் முன் ஒரு தாய், சேலைத் தலைப்பைப் பற்றியபடி கமெராவை நோக்குகிறாள். கொழும்புக்குத் தெற்கே மூவர் கூடி எடுத்த வாடகை அறையில் ஒருவர் கட்டிலிலும் இருவர் தரையிலுமாக இருந்து வரைபடம் வரைகின்றனர். இவற்றின் கீழுள்ள வாசகங்கள், ‘மலையக மாணவரின் இல்லம்’, ‘வன்னி மாணவியின் இல்லம்’, ‘மாணவர் அறை’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பெயர் இல்லை, ஆண்டு இல்லை, யார் கட்டியது என்ற பேச்சே இல்லை. முன்னையவற்றில் மனிதரில்லாத பெயர்கள். பின்னையவற்றில் பெயரில்லாத மனிதர்.

ஆறாவதாக ஒரு மாணவியின் வீட்டையும் படம்பிடிக்க எண்ணியிருந்தனராம். முதலில் இணங்கிய அம்மாணவி, இவர்கள் கமெராவுடன் சென்ற அன்று கதவைத் திறக்கவில்லை. “ஒத்துழைப்பில்லை, சேர்” என்று ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவர் சற்று மனத்தாங்கலோடு எம்மிடம் கூறினார். சாத்தியிருந்த அந்தக் கதவே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

பத்துப்பாட்டைப் பயின்றோருக்கு அக்கதவு புதியதன்று. சிறுபாணாற்றுப்படையிலே, நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லும் இடம் ஒன்றுண்டு. சுவர் இற்றுக் கறையான் பற்றிக் காளான் பூத்த அடுக்களை அது. கண் திறவாத குட்டிகள் பால் தேடி முட்ட, பாலற்ற தாய்நாய் வலி பொறாது குரைக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பின்னர், பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு அதனைப் பகிர்ந்துண்கிறாள். அதே தொகுதியைச் சேர்ந்த நெடுநல்வாடையோ, நிழல் கொண்டு திசை தேர்ந்து, நூல் பிடித்து அளந்து, அரசனுக்கு மாளிகை வகுத்த கட்டடக் கலை வல்லுநரைக் காட்டுகிறது. வகுப்போரின் திறமும் வறியோரின் அடுக்களையும் எமது பழைய இலக்கியத்தில் அருகருகே உள்ளன. ஆயின் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அடைத்த கதவுக்குள் நடந்ததை நாம் அறிந்துகொண்டது எங்ஙனம்? வெளியே நின்ற ஒருவர் எட்டிப்பார்த்துச் சொன்னதால் அன்று. உள்ளிருந்து பசித்த பாணனின் வாய்மொழியாகவே புலவர் அதனைச் சொல்லவைக்கிறார். கதவு எமக்கு உள்ளிருந்து திறக்கப்படுகிறது.

வீட்டை வெளியிருந்து காண்பதற்கும் உள்ளிருந்து காண்பதற்கும் உள்ள இவ்வேறுபாடு, புகைப்படக் கலையின் வரலாற்றில் தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று ஜேர்மனியின் டெசௌ நகரம். கட்டடக் கலைஞரின் வீடும் மாணவரின் விடுதியும் அங்கே ஒரே காலத்தில், ஒரே கல்வி நிறுவனத்தின் பெயரிற் கட்டப்பட்டன. இரண்டும் கமெராவுக்குள் வந்தன. எம் மாணவர் இன்று செய்ய முயல்வதை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே செய்தவர்கள் அங்கிருந்தனர். அவர்களது அனுபவம் எமக்குப் பாடமாகும்.

1919இல் வைமார் நகரில் வால்ட்டர் குறோப்பியஸ் நிறுவிய பௌஹௌஸ் என்னும் கலைக்கூடம், 1925இல் டெசௌவுக்கு இடம்மாறியது. அங்கு குறோப்பியஸ் வகுத்த புதிய கட்டடம் 1926 டிசம்பரில் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தின் ஓர் அங்கமாக, 28 ஒற்றை அறைகளைக் கொண்ட மாணவர் விடுதி எழுந்தது. சற்றுத் தொலைவில், பைன் மரங்களுக்கிடையில், ஆசிரியர் வீடுகள் எழுந்தன. குறோப்பியஸுக்குத் தனிவீடு, கண்டின்ஸ்கி, கிளே, மொஹோலி-நாஜ் முதலிய ஆசிரியர்களுக்கு மூன்று இரட்டை வீடுகள். வெண்சுவரும் தட்டைக் கூரையும் அகன்ற கண்ணாடியும் கொண்ட இவ்வீடுகளை உலகம் அறிந்துகொண்டது நேரிற் சென்று பார்த்தன்று. புகைப்படங்கள் வாயிலாகவே அறிந்தது. அப்படங்களுட் பெரும்பாலானவற்றை எடுத்தவர் மொஹோலி-நாஜின் மனைவியான லூசியா மொஹோலி.

1894இல் பிராக் நகரிற் பிறந்த லூசியா, பௌஹௌஸில் எந்தப் பதவியும் வகித்தவரல்லர். ஆசிரியர் வீடொன்றில் தாமே வாழ்ந்துகொண்டு, பெரிய மரக் கமெராவையும் கண்ணாடித் தகடுகளையும் கையாண்டு, அவ்வீடுகளின் புறத்தையும் அகத்தையும் பொறுமையோடு பதிவுசெய்தார். அவர் படங்களில் ஆரவாரம் இல்லை. சுவரின் விளிம்பு நேராக நிற்கும். நிழல் எங்கு விழவேண்டுமோ அங்கு விழும். அலுமாரியின் கதவு எவ்வாறு திறக்கும் என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும். பொருளைப் பொருளாகக் காட்டும் அந்நேர்மையை நாம் மதிக்கின்றோம். எனினும் அப்படங்களிலும் மனிதர் அரியரே. குறோப்பியஸின் வீட்டில் பணிப்பெண்ணுக்கென ஓர் அறை வகுக்கப்பட்டிருந்தது. புதுமை வாழ்வின் சின்னமாக உலகெங்கும் சென்ற அவ்வீட்டின் தோற்றத்திலே, தரையைத் துடைத்த கையைத் தேடினால் காணமுடியாது. கண்ணாடி பளபளக்கிறது, பளபளக்கச் செய்தவர் இல்லை.

இக்குறையை அன்றே உணர்ந்தவர் பௌஹௌஸுக்குள்ளேயே இருந்தார். ஆசிரியர்களுள் ஒருவரான ஒஸ்கார் ஷ்லெம்மர், எழும்பிவரும் வீடுகளைக் கண்டு தம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். கலைஞர் தம் மாளிகைக் கூரைகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, வீடற்றவர்கள் ஒருநாள் இங்கே வந்து நிற்பர் என்ற எண்ணம் தம்மை அதிரவைத்தது என்பது அதன் சாரம். அவ்வீடுகளுள் ஒன்றிற் குடியேறவிருந்த ஒருவரின் மனச்சாட்சி பேசிய பேச்சு அது. அந்த வீடற்றவர் எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை.

மாணவர் விடுதியைக் காட்டும் படங்களோ வேறுவகையின. மாணவர் தம் கைக்கு அடக்கமான கமெராக்களினால் தம்மைத் தாமே படம்பிடித்தனர். ஆசிரியர் ஒருவரின் மகனாகவும், அதேவேளை மாணவராகவும் இருந்த லுக்ஸ் பைனிங்கர் எடுத்த படங்கள் இவற்றுட் புகழ்பெற்றவை. பந்துக்காக அந்தரத்தில் எம்பும் இளைஞர், வாத்தியக் குழுவினர், நண்பர் கூட்டம் என அவற்றில் எங்கும் ஆள்நடமாட்டம். விடுதியின் சிறிய பல்கனிகளில் நெருங்கி நின்று, தலையை நீட்டிச் சிரிக்கும் மாணவரின் படங்களும் பல உள. லூசியாவின் படத்திற் கட்டடம் பேசுகிறது; மாணவரின் படத்தில் அதே கட்டடத்தைப் பயன்படுத்தும் வாழ்வு பேசுகிறது. பல்கனி எத்தனை அடி அகலமென்பதை முன்னையதிலிருந்து அறியலாம். அத்தனை அடிக்குள் எத்தனை நட்பு அடங்கும் என்பதைப் பின்னையதே சொல்லும். படம்பிடிப்போரும் படத்திலுள்ளோரும் ஒரே விடுதி வாழ்வைப் பகிர்ந்தோராதலின், அங்கே எவரும் கதவைச் சாத்த நேரவில்லை.

ஆயினும் மாணவரின் படங்களே முழு உண்மை எனக் கொள்வது பிழை. தம் சிரிப்பைப் பதிவுசெய்த அளவுக்கு, தமக்கு அப்பாலுள்ள நகரத்தை அவை பதிவுசெய்யவில்லை. அதே டெசௌவில், டேர்ட்டன் என்னும் பகுதியில், 1926 தொடக்கம் 1928 வரை குறோப்பியஸின் திட்டப்படி 314 வரிசை வீடுகள் கட்டப்பட்டன. குறோப்பியஸுக்குப் பின் 1928இல் தலைமையேற்ற ஹன்னெஸ் மேயர், ஆடம்பரத்தின் தேவையை விடுத்து மக்களின் தேவையை நோக்குக எனக் கூறினார். அவர் தலைமையில் மாணவரும் பங்குகொண்டு, 1930இல் 90 குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகளை அங்கு எழுப்பினர். ஒவ்வொரு வீடும் 50 சதுர மீற்றருக்கும் குறைவானது. அதே ஆண்டில், இடதுசாரிச் சார்பின் காரணமாக, மேயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1930 முதல் 1932 வரை பௌஹௌஸின் கம்யூனிஸ்ட் மாணவர்கள் தமக்கெனத் தனிச் சஞ்சிகையொன்றை நடத்தினர். யாருக்காகக் கட்டுகின்றோம் என்னும் வினா, மாணவர் சஞ்சிகையொன்றின் வினாவாக மாறியது. நாசிகளின் கைக்கு வந்த நகரசபை 1932இல் டெசௌக் கலைக்கூடத்தை மூடிற்று. பெர்லினில் எஞ்சியிருந்ததும் 1933இல் மூடப்பட்டது.

லூசியாவுக்கு நேர்ந்ததையும் இங்கு சொல்லியாக வேண்டும். 1933இல், கம்யூனிஸ்ட் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த அவருடைய தோழர் தியோடோர் நொய்பௌவர், லூசியாவின் பெர்லின் வீட்டில் வைத்தே கைதுசெய்யப்பட்டார். லூசியா எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறி, ஈற்றில் லண்டனை அடைந்தார். விட்டுச்சென்றவற்றுள் ஏறக்குறைய 560 கண்ணாடி நெகற்றிவ்கள் அடங்கும். அவை மொஹோலி-நாஜிடமிருந்து குறோப்பியஸிடம் சேர்ந்து, அவரோடு அமெரிக்காவுக்குச் சென்றன. 1938இல் நியூ யோர்க் நவீனக் கலைக் காட்சிச்சாலை பௌஹௌஸ் பற்றிய பெருங் கண்காட்சியொன்றை நடத்தி நூலும் வெளியிட்டபோது, அவருடைய படங்கள் பல அதில் அவர் பெயரின்றியே அச்சேறின. தம் நெகற்றிவ்கள் எங்கே உள்ளன என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்த லூசியா, சட்டத்தின் துணையை நாடினார். 1957இல் ஏறக்குறைய 230 நெகற்றிவ்களை மாத்திரம் திரும்பப் பெற்றார். நொய்பௌவரோ 1945இல் நாசிகளாற் கொல்லப்பட்டார்.

கட்டடக் கலைஞரின் பெயர் உலகெங்கும் பரவியது. அப்பெயரைப் பரப்பிய படத்தின் உழைப்பாளியோ அகதியாகிப் பெயரிழந்தார். வீட்டைத் துடைத்த பெண்ணைப் படம் மறைத்தது. படத்தை எடுத்த பெண்ணைப் புத்தகம் மறைத்தது. இவ்விரு மறைப்புக்களும் வேறுவேறானவையல்ல. உழைப்பை நீக்கி விளைவை மட்டும் காட்டும் ஒரே பார்வையின் இரு விளைவுகளே அவை.

எமது கூற்றுக்கு இருவகை மறுப்புக்கள் எழலாம். கட்டடத்தைப் பயிலும் மாணவர் ஒளியையும் அளவையும் பொருத்தத்தையும் கற்க வேண்டும். அதற்கு ஆளற்ற படமே ஏற்றது என்பது ஒன்று. இதில் உண்மையுண்டு. குறோப்பியஸின் தனிவீடு 1945இல் குண்டுவீச்சில் அழிந்தது. அவ்வீடு எவ்வாறிருந்தது என்பதற்கு இன்று எமக்குள்ள சிறந்த சான்றுகளுள் லூசியாவின் படங்களும் அடங்கும். வீடுகள் அழிவதைக் கண்ணாற் கண்ட எம்மவருக்குச் சான்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடக்கில் இடம்பெயர்ந்து மீண்ட எத்தனையோ குடும்பங்களுக்குத் தம் பழைய வீட்டின் ஒரேயொரு படந்தானும் மிஞ்சவில்லை. ஆகவே ஆளற்ற படத்தை நாம் ஒதுக்கவில்லை. அதன் கீழே எழுதப்படும் வாசகத்தையே குறைகூறுகின்றோம். கலைஞரின் பெயரை எழுதும் இடத்தில், அவ்வீட்டைக் கட்டிய மேசனின் பெயரையும் தச்சரின் பெயரையும் எழுதுவதற்கு இடமில்லாமற் போகாது.

வறியோரின் வீட்டைக் காட்டினாலன்றோ மாற்றம் பிறக்கும். அதற்கு நாணத்தையும் அனுமதியையும் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பது மற்றது. இதற்கும் வரலாற்றிற் சான்றுண்டு. நியூ யோர்க்கில் பத்திரிகையாளராயிருந்த ஜேக்கப் றீஸ், நெருக்கமான குடியிருப்புக்களுள் இரவில் நுழைந்து, வெளிச்சம் தரும் வெடித்தூளைக் கொளுத்திப் படம்பிடித்தார். 1890இல் அவர் வெளியிட்ட நூல் நகரத்தை உலுக்கியது. 1901இல் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பிறப்பதற்கு வழிசமைத்தோருள் அவரும் ஒருவர். பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் திடீர் வெளிச்சத்திற் கண் கூசி விழித்த அம்மனிதர், தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல இடம்பெறாமலே உலகுக்குக் காட்சிப்பொருளாயினர். எம் சஞ்சிகையின் நிலைமையோ அதனினும் வேறு. இங்கு படம்பிடிப்பவரும் மாணவர், படம்பிடிக்கப்படுபவரும் மாணவர், இருவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அருகருகே இருப்பவர்கள். கேட்டறிவதற்கு வாய்ப்பிருந்தும் கேளாமல் விடுவதற்கு றீஸை ஆதாரங்காட்டல் பொருந்தாது.

கேட்டறிதல் கட்டடக் கலைக்குப் புறம்பானதென எவரேனும் கருதினால், கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வாவை நினைவூட்ட விரும்புகின்றோம். பம்பாயில் மாணவியாயிருந்த காலத்திலேயே சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நின்று, அதனாற் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்மணியும் அவரே. 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை அவர் வகுத்தார். குடியிருக்கப்போவோரிடம் அவர்களது தேவைகளையும் பழக்கங்களையும் முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கேற்பவே வீட்டு வகைகளை அமைத்தார். வீட்டை வரைவதற்கு முன்னர் கேட்பது முறையெனில், வீட்டைப் படம்பிடிப்பதற்கு முன்னர் கேட்பதும் முறையே.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. இருபகுதிப் படங்களையும் ஒரே அளவுகோலால் அளந்திடுங்கள். கட்டடக் கலைஞரின் முற்றத்துக்கு 12 பக்கமெனில், லயத்து அறைக்கும் அத்தகைய கவனத்தைக் கொடுங்கள். அதன் நீள அகலங்களை அளந்து, தளப்படம் வரைந்து, அடுப்பு எங்கே, படிக்கும் விளக்கு எங்கே, மழைக்கு ஒழுகும் இடம் எதுவெனக் குறியுங்கள். அந்த லயத்தை எந்தத் தோட்ட நிருவாகம் எக்காலத்திற் கட்டிற்று என்பதைத் தேடி எழுதுங்கள். வன்னித் தாயின் தகரக் கூரையை வேய்ந்தவர் அவருடைய சகோதரராயிருக்கலாம், அயலவராயிருக்கலாம்; அவரும் வீடு சமைத்தவரே. அவ்வீட்டாருக்கு விருப்பமெனில் பெயரையும் எழுதுங்கள். விருப்பமில்லையெனில் ஏன் பெயரில்லை என்பதை எழுதுங்கள். கட்டடக் கலைஞரின் வீட்டிலோ, நாற்காலி வெறுமையாயிருக்கும் படத்தோடு, அவ்வீட்டிற் சமைப்பவரும் தோட்டம் பார்ப்பவரும் இணங்கினால் அவர்களும் இருக்கும் படமொன்றையும் சேருங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அதை எடுத்தவரின் பெயரைத் தவறாது அச்சிடுங்கள். லூசியாவின் கதை இன்னொரு முறை நிகழ வேண்டியதில்லை.

கதவைச் சாத்திய மாணவியைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. அவர் ஒத்துழைக்கவில்லை என்பது சரியன்று. முற்றமும் நீர்த்தொட்டியும் நிறைந்த 12 பக்கங்களுக்குப் பின்னால் தம் வீடு எவ்வாறு தோன்றும் என்பதை, சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு முன்னரே அவர் கண்டுகொண்டார். உங்கள் இதழின் முதல் விமர்சகர் அவரே, நாம் இரண்டாமவர். அச்சுக்குப் போகுமுன் மீண்டும் ஒருமுறை அவரிடம் செல்லுங்கள். இம்முறை கமெராவை வெளியே எடுக்க வேண்டாம். அச்சுப்படியைக் கையிற் கொடுத்து, இதில் என்ன குறையென அவரிடம் கேளுங்கள். பிறகு அவர் விரும்பினால், கமெராவையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் தம் வீட்டில் எதைக் காட்டுகிறாரோ, எதைக் காட்டாது விடுகிறாரோ, அதுவே உங்கள் சஞ்சிகையின் சிறந்த பக்கமாகும் என்பதில் எமக்கு ஐயமில்லை.